பாதி டிகிரியும் பல் டாக்டரும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரெண்டு மாசமா எதுவும் எழுதலை. இதையும் எழுதியிருக்க மாட்டேன். ஆனா ஊர்த் திண்ணையில கேட்ட ஒரு வாக்கியம் காதுலயே நிக்குது. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

அந்த வாக்கியம்: "எடுத்ததை முதல்ல முடி, அப்புறம் எது வேணா படி."

கேக்க நல்லாத்தான் இருக்கு. காலண்டர் தாள்ல போடலாம். ஆனா 2025 ஆகஸ்ட்ல இந்த வாக்கியம் எங்க வீட்டுல ஒரு பொண்ணோட வாழ்க்கையை ரெண்டு வருஷம் பின்னாடி தள்ளப் பார்த்துச்சு. அதனால இதை இன்னிக்கு உரிச்சுப் பார்த்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நடந்தது இதுதான். எங்க ஊரு அம்மாப்பேட்டை பக்கம், வெண்ணாத்துப் பாசனம். சித்தப்பாவுக்குப் பத்து மா நிலம். அவரோட பொண்ணை வீட்டுல பாப்பான்னுதான் கூப்பிடுவோம், அதனால இங்கயும் பாப்பாதான். 2023-ல பிளஸ் டூ முடிச்சா. கணக்கு, உயிரியல் ரெண்டும் இருக்கற முதல் குரூப். படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளியா இருந்தா 2020-ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைச்சிருக்கும். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. நீட் எழுதினா, மார்க் எட்டலை. பிரைவேட்ல சேர்க்க லட்சக்கணக்குல வேணும். சரின்னு தஞ்சாவூர் பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிட்டாங்க.

அவ விடலை. ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டே 2025 மே 4-ஆம் தேதி திரும்பவும் நீட் எழுதினா. செமஸ்டருக்கும் படிக்கணும், இதுக்கும் படிக்கணும். ஆகஸ்ட்ல கவுன்சிலிங், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில பி.டி.எஸ். சீட். 2023-ல திறந்த காலேஜ், மொத்தமே 50 சீட்டு. கந்தர்வகோட்டை வழியா பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். தஞ்சாவூர்ல மெடிக்கல் காலேஜ் 1950-கள்லயே வந்தாச்சு, ஆனா அரசு டென்டல் காலேஜ் கிடையாது. புதுக்கோட்டை வர்ற வரைக்கும் எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்குக் கிட்டத்துல இருந்தது சிதம்பரம்தான்.

நம்ம வீடுகள்ல இப்படி ஒரு சேதி வந்தா என்ன பண்ணணும்? பாயசம் வைக்கணும். எங்க வீட்டுல பஞ்சாயத்து வச்சாங்க.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார் ஒருத்தர், அத்தை, வாட்ஸப்ல அமெரிக்கா அத்தான், நடுவுல சித்தப்பா. நாலு பேரும் ஒரே பாட்டு. "மூணாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு. இன்னும் ரெண்டே வருஷம். முடிச்சுட்டுப் போகட்டுமே." பாப்பா தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை பேசலை. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தா. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப ஒண்ணொண்ணா வர்றேன்.

1. "ரெண்டே வருஷம்தானே"

சரி, கணக்குப் போடுவோம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்த்து பி.டி.எஸ். அஞ்சு வருஷம். இப்பப் போனா 2030-ல வெளில வருவா, வயசு 25. பி.ஈ. முடிச்சுட்டுத்தான்னா 2027 ஆகும். கடைசி செமஸ்டரோட மல்லுக்கட்டிக்கிட்டே இன்னொரு தடவை நீட் எழுதணும். அப்ப உயிரியலைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். தேறினாலும் பி.டி.எஸ். முடிக்க 2032. தேறலைன்னா 2033, 2034ன்னு போய்க்கிட்டே இருக்கும்.

அதை விட முக்கியம், இன்னிக்குக் கையில இருக்கற சீட்டைக் கோணிப்பையில கட்டி பரண்ல போட்டு வைக்க முடியாது. இந்த வருஷம் சேரலைன்னா அது வேற ஒருத்தருக்குப் போயிடும். அடுத்த தடவை வேற கேள்வித்தாள், வேற கட்-ஆஃப், வேற கூட்டம். ஹெட்மாஸ்டர் சார் "அப்புறம் படிச்சுக்கலாம்"னு சொல்றப்ப, அந்த அப்புறத்துல ஒரு சீட்டு காத்துக்கிட்டு இருக்கற மாதிரியே பேசறார். இல்லை சார்.

சரி, பி.ஈ. முடிச்சா பி.டி.எஸ்.-ல ஏதாவது கழிவு கிடைக்குமா? பாலிடெக்னிக் முடிச்சவன் பி.ஈ.-க்கு வந்தா நேரா ரெண்டாம் வருஷத்துல உக்காரலாம், லேட்டரல் என்ட்ரி. பல் மருத்துவத்துல அப்படி ஒரு கதவே கிடையாது. பி.ஈ. முடிச்சவளும் பிளஸ் டூ முடிச்சவளும் ஒரே பெஞ்சு. ரெண்டு பேருக்கும் முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், அதோட மெழுகுல பல் செதுக்கற வேலை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தெரிஞ்ச பொண்ணுன்னு யாரும் ஒரு மெழுகுக் கட்டியைக் குறைச்சுக் கொடுக்க மாட்டாங்க.

2. "அமெரிக்காவுல எல்லாம் டிகிரி முடிச்சாத்தான் டென்டல்"

இது அத்தான். அவர் சொன்னா திண்ணையில மறு பேச்சு கிடையாது. டாலர்ல பேசறார்ல!

அத்தான் சொன்னதுல பாதி சரி. அங்க பொதுவா நாலு வருஷம் காலேஜ், அதுக்கு மேல நாலு வருஷம் டென்டல் ஸ்கூல். ஆனா அங்க அந்த முதல் நாலு வருஷத்துலதான் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல் எல்லாம் படிச்சு, அதைக் காட்டித்தான் டென்டலுக்கே விண்ணப்பிக்கறாங்க. முதல் டிகிரி ரெண்டாவது படிப்புக்குப் படிக்கட்டு. நம்ம ஊர்ல பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பல் மருத்துவத்துக்குப் படிக்கட்டு இல்லை. அது பக்கத்து வீட்டு மாடி.

இன்னொண்ணும் இருக்கு. அங்கயும் பெரும்பாலானவங்க விண்ணப்பம் போடறது மூணாம் வருஷம் முடிஞ்ச கோடையிலதான், டிகிரி கைக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அதோட, டிகிரியே இல்லாம மூணு வருஷப் படிப்பு அளவுக்கு கிரெடிட் இருந்தா, கேட்ட பாடங்களை முடிச்சிருந்தா, சேர்த்துக்கற டென்டல் ஸ்கூல்களும் அங்க இருக்கு. மூணும் நாலும் ஏழுன்னு சேர்த்துக் கட்டின படிப்பே இருக்கு. ஆக அத்தான் மேற்கோள் காட்டின நாட்டுலயே "முழுசா முடிச்சாத்தான்"ங்கறது கல்வெட்டு இல்லை.

இங்கிலாந்துல ஸ்கூல் முடிச்சு நேரா அஞ்சு வருஷ பி.டி.எஸ். இலங்கையில ஏ லெவல் முடிச்சு நேரா பேராதனை. நம்ம முறையும் அதே ஜாதிதான். நீட் விதிகள்லயே பிளஸ் டூ எழுதறவங்களோட, பி.எஸ்ஸி. முதல் வருஷம் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சவங்களையும் தகுதியானவங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. டிகிரி பாதியில இருக்கறவன் வரலாம்னு விதியே சொல்லுது. அதிகபட்ச வயசு வரம்பையும் 2022-ல எடுத்தாச்சு. சட்டம் தடுக்கலை, திண்ணைதான் தடுக்குது.

3. "படிச்ச ரெண்டு வருஷம் வீணாப் போயிடுமே"

சித்தப்பாவோட கவலை இது. வருஷத்துக்கு எண்பதாயிரம் வீதம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் போயிருக்கு. கடன் வாங்கிக் கட்டின காசு. வலிக்கத்தான் செய்யும், நான் கிண்டல் பண்ணலை.

அவருக்குப் புரியற மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். "சித்தப்பா, 2023-ல ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, பின்னாடி தண்ணி வராம குறுவை காஞ்சப்ப என்ன பண்ணுனீங்க?"

"உழுது மடக்கிட்டு சம்பாவுக்கு விட்டேன்."

"விதைச்சாச்சு, நட்டாச்சு, உரம் போட்டாச்சு. அத்தனை செலவு பண்ணியாச்சே, இன்னும் நாப்பது நாள்தானே, எடுத்ததை முடிப்போம்னு ஏன் நெனைக்கலை?"

"அது காஞ்சு போச்சேடா. அதுக்கு மேல ஒரு மூட்டை யூரியா போட்டா அதுவும் தண்டம்."

அவ்ளோதான் மேட்டர். போன காசு போனதுதான். முடிச்சாலும் அந்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் திரும்பி வராது. மேல இன்னொரு ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான் போகும். 2024-ல மேட்டூரை ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தாங்க. அந்த வருஷம் சித்தப்பா குறுவை பக்கமே போகலை, நேரா சம்பா. ஊர்ல யாரும் அவரைப் பாதியில விட்டவன்னு பேசலை. புத்திசாலின்னு சொன்னாங்க. நாத்து முத்திப் போனா நட்டாலும் தூர் கட்டாதுங்கறது டெல்டாவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நிலத்துக்கு இருக்கற இந்தப் புத்தி புள்ளை படிப்புன்னு வந்தா எங்க போகுது?

அதோட அந்த ரெண்டு வருஷமும் வீண்னு நான் நெனைக்கலை. இந்தப் படிப்பு தனக்கு இல்லைன்னு அவளுக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. எனக்கு அது தெரிய நாலு வருஷமும் ஒரு கேம்பஸ் இன்டர்வியூவும் ஆச்சு.

4. "எம்.பி.பி.எஸ்.-னாலும் பரவால்ல. பல்லு டாக்டர்தானே"

இது அத்தை. சொல்லிட்டு வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்தை இங்க எழுத முடியாது.

எங்க அப்பாயி நடவு ஆளு. விடியக்காலம் சேத்துல இறங்கினா மதியம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. பசி தெரியாம இருக்க வெத்தலை, பாக்கு, பொகையிலை. நாப்பது வருஷம் அதக்கின கன்னம். கடைசியில உள் கன்னத்துல வெள்ளையா ஒரு தடிப்பு. வாய்ப்புண்ணுன்னு மணத்தக்காளிக் கீரை தின்னாங்க, தேன் தடவுனாங்க. வாயைத் திறக்க முடியாம ஆனப்புறம்தான் ஆஸ்பத்திரி. அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் இல்லை.

வெத்தலைக்குப் பேர் போன பூமி நம்மது. கும்பகோணம் வெத்தலைக்கு 2025-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, சந்தோஷம். வெத்தலை மேல எனக்குக் கோவம் இல்லை. கூட வர்ற பாக்கும் பொகையிலையும்தான் வில்லன். பொகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே அறிவிச்சிருச்சு. அந்த வெள்ளைத் தடிப்பை ஆரம்பத்துல பார்த்து, "இது சாதாரண புண்ணு இல்லம்மா, தஞ்சாவூர் போய் சதை எடுத்துப் பார்க்கணும்"னு சொல்ல வேண்டிய ஆள் யாரு? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கற ஆள். அந்தப் பல்லு டாக்டர்தான். வாய் நோய் இயலும், சமூகப் பல் மருத்துவமும் பி.டி.எஸ்.-ல பாடமாவே இருக்கு. பல்லைப் புடுங்கி டெட்டால் பஞ்சு வைக்கறதோட முடியற படிப்புன்னு நெனைச்சா அது நம்ம அறியாமை.

பாப்பா பி.டி.எஸ். கேட்டதுக்கு அப்பாயி காரணமான்னு நான் கேக்கலை. ஆனா அப்பாயிக்குக் கடைசி மாசங்கள்ல கஞ்சியை வடிகட்டி ஸ்பூன்ல ஊட்டினது அவதான். அப்ப ஒம்பதாவது படிச்சுக்கிட்டு இருந்தா.

5. "பொம்பளப் புள்ளைக்கு வயசாயிடும்"

இதுவும் அத்தை, வெத்தலை பாதி மென்னுக்கிட்டு. 25 வயசுல டாக்டரா வர்றது லேட்டாம், 27-ல வர வைக்கற யோசனை மட்டும் நல்ல யோசனையாம். இதுக்கு மேல இந்தப் பாயிண்டுக்கு நேரம் கிடையாது.

6. யாருக்கு மட்டும் இந்த உபதேசம்?

இதுதான் எனக்கு உள்ளுக்குள்ள எரியற விஷயம்.

தமிழ்நாட்டுல மருத்துவ, பல் மருத்துவச் சேர்க்கை எத்தனை தடவை மாறியிருக்கு பாருங்க. 1984-ல எம்.ஜி.ஆர். காலத்துல நுழைவுத்தேர்வு வந்துச்சு. அதை எடுத்துட்டு 2007-08 சேர்க்கையிலருந்து பிளஸ் டூ மார்க் மட்டும். நான் 2015-ல முடிச்சப்ப அந்த முறைதான். 2017-லருந்து நீட். விளைவு என்ன? நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல கொடுத்த அறிக்கையைப் பாருங்க. 2016-17-ல முதல் தடவை இல்லாம திரும்ப முயற்சி பண்ணி மருத்துவச் சேர்க்கைக்கு வந்தவங்க 12.47 சதவீதம். 2020-21-ல அது 71.42 சதவீதம். ஒரே தடவையில உள்ள போறவங்கதான் இப்ப விதிவிலக்கு.

இந்த ரிப்பீட்டர்கள்ல ரெண்டு வகை. வீட்டுல காசு இருக்கறவன் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கோச்சிங் சென்டர் ஹாஸ்டல்ல உக்காந்து முழு நேரமும் படிப்பான். அவனை யாரும் பாதியில விட்டவன்னு சொல்றதில்லை, ஏன்னா அவன் எதையும் ஆரம்பிக்கவே இல்லை. ரெண்டாவது வகை, வருஷத்தை வீணாக்க வசதி இல்லாம ஏதோ ஒரு காலேஜ்ல சேர்ந்துட்டு, பகல்ல பி.ஈ.யும் ராத்திரியில நீட்டும் படிக்கறது. பாப்பா இந்த வகை. இந்த வகைக்கு மட்டும்தான் "எடுத்ததை முடி" உபதேசம். அதாவது, சும்மா உக்காந்து படிச்சா லட்சியவாதி, ஒரு டிகிரியோட சேர்த்துப் படிச்சா ஓடுகாலி. நல்லாருக்குய்யா உங்க நியாயம்!

பாதியில விட்டவன்னா ஊருக்கு ஒரு இளக்காரம். கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போய்ப் பாதியில விட்டு, சென்னை பச்சையப்பன்ல சேர்ந்து எஃப்.ஏ.யும் தேறாத ஒருத்தர் பேரை இன்னிக்கு ஹெட்மாஸ்டர் சாரே மேடையில முழங்கறார், கணித மேதை ராமானுஜன்னு. உடனே பாப்பா ராமானுஜனான்னு கேக்காதீங்க. இல்லை. பாதியில விடறது ஒரு மனுஷனைப் பத்தி எதையும் சொல்லிடாதுன்னு மட்டும்தான் சொல்ல வர்றேன்.

7. இப்ப நான் வாங்கிக் கட்டிக்கற இடம்

பாப்பா என்னை ஏன் பார்த்தான்னு சொல்றேன்னேன்ல.

2024 ஜனவரியில, முதல் வருஷம் ரெண்டாம் செமஸ்டர் ஆரம்பிக்கற நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினா. "அண்ணா, இதுல என்னால ஒட்டவே முடியலை. நீட் இன்னொரு தடவை எழுதட்டுமா? அப்பாகிட்ட நீ சொல்றியா?" நான் அப்ப ஒரு ரிலீஸ் வேலையில மண்டை காஞ்சு உக்காந்திருந்தேன். யோசிக்காம சொன்னேன்: "மொதல்ல இதை முடி பாப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

ஆமா. அதே வாக்கியம்.

அவ கேட்டுக்கிட்டா. 2024-ல எழுதலை. ஒரு வருஷம் போச்சு. அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் கணக்குலயோ அத்தை கணக்குலயோ வராது, என் கணக்கு. அதுக்கப்புறம் யாரையும் கேக்காம அவளே புத்தகம் எடுத்தா, அவளே விண்ணப்பம் போட்டா.

நான் யாருன்னு பாருங்க. மெக்கானிக்கல் இன்ஜினியர். எடுத்ததை முடிச்ச ஆளு, ரெண்டு அரியரையும் சேர்த்து. இன்னிக்கு பொட்டி தட்டறேன். நாலு வருஷம் படிச்சதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே பல்லு கியர் பல்லு, அதையும் வேலையில ஒரு நாள் கூட எண்ணினதில்லை. சம்பளம் வருது, குறை சொல்லலை. ஆனா "முடிச்சா நல்லது"ங்கறதுக்கு நானே சாட்சின்னு கூண்டுல ஏத்துனா, கேஸ் தோத்துடும்.

8. எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நியாயம்

ஒருதலைப்பட்சமா எழுதிட்டேன்னு பின்னூட்டத்துல கும்முவீங்க, தெரியும். அதனால நானே சொல்லிடறேன்.

சீட்டு கையில இல்லாம, "எனக்கு மனசு இல்லை"ன்னு மட்டும் சொல்லி டிகிரியை விடாதீங்க. பி.ஈ. கையில இருந்தா எங்கயாவது ஒண்டிக்கலாம்ங்கறது பொய் இல்லை. பாப்பா விடறேன்னு சொன்னது அலாட்மெண்ட் ஆர்டர் வந்தப்புறம். அதுவரைக்கும் ஒரு செமஸ்டர் கூட அரியர் வைக்கலை. இதுதான் சரியான வரிசை.

ரெண்டாவது, பேருக்கு முன்னாடி டாக்டர் போடறதுக்காக மட்டும் பி.டி.எஸ். போகாதீங்க. லட்சம் லட்சமா கொட்டி பிரைவேட்ல சேர்ந்துட்டு, படிப்பு முடிஞ்சு ஒரு கிளினிக் வைக்கணும்னா சேர், எக்ஸ்ரே மெஷின், இடத்து அட்வான்ஸுன்னு மறுபடியும் லட்சங்கள். 2020-21-ல நாடு பூரா சுமார் 7,000 பி.டி.எஸ். சீட்டு காலியாக் கிடந்து, தகுதிப் பர்சன்டைலை 10 குறைக்கச் சொல்லி 2021 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. ஜனங்க சும்மா ஒதுங்கலை. கணக்குப் பார்த்துத்தான் ஒதுங்கினாங்க. அரசுக் காலேஜ்ல ஆயிரங்கள்ல முடியற படிப்பு வேற, கடன் வாங்கி லட்சங்கள்ல படிக்கற படிப்பு வேற.

மூணாவது, பி.டி.எஸ்.-ல உக்காந்துக்கிட்டே எம்.பி.பி.எஸ்.-க்கு எழுதி, கிடைச்சதும் பல்லை அம்போன்னு விட்டுட்டுப் போறவங்க. எனக்கு அவங்க மேல கோவம் இல்லை, அதே நியாயம் அவங்களுக்கும் உண்டு. ஆனா கடைசி சுற்று முடிஞ்சப்புறம் விட்டா அந்த சீட்டு யாருக்கும் இல்லாமப் போகும். போறதுன்னா சீக்கிரம் போங்க. கையேட்டுல அபராதம், தடை பத்தின பக்கத்தை வரி விடாமப் படிச்சுட்டுப் போங்க.

9. கடைசிப் பூட்டு

திண்ணை ஒரு வழியா அடங்குச்சு. நான் ஜெயிச்சேன்னு இல்லை. குறுவைக் கேள்விக்கு அப்புறம் சித்தப்பா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிட்டார். திரும்பி வந்து, "காலையில காலேஜுக்குப் போவோம்"னார். அவ்ளோதான்.

காலேஜ்ல வேற கதை. சேர்றப்ப வாங்கி வச்ச பத்தாவது, பிளஸ் டூ அசல் மார்க்‌ஷீட், டி.சி. எல்லாம் அவங்க பீரோவுல. "மூணாம் வருஷம், நாலாம் வருஷம் ஃபீஸ் கட்டுங்க, தர்றோம்"னார் ஆபீஸ்ல இருந்தவர். படிக்காத வருஷத்துக்கு ஃபீஸ்! புதுக்கோட்டையில சேர மூணு நாள்தான் இருக்கு.

இது எத்தனை வீட்டுல நடக்குதோ, அதனால தெளிவா எழுதி வைக்கறேன். பாதியில விலகற மாணவர்கிட்ட மீதி வருஷங்களோட ஃபீஸைக் கேக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ. விதியே இருக்கு. யு.ஜி.சி.யும் 2018 அக்டோபர்ல, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோட திருப்பிக் கொடுத்துடணும்னு அறிவிப்பு வெளியிட்டுச்சு. ஃபீஸ் திரும்பக் கிடைக்கறதுக்கும் அதுல அளவு இருக்கு. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னாடியே விலகினா முழுசும், அந்தக் கடைசி 15 நாளுக்குள்ளன்னா 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள்ளன்னா 80, 30 நாளுக்குள்ளன்னா 50, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. பாப்பா மூணாம் வருஷம், அதனால அந்தக் கதை எங்களுக்கு இல்லை. சான்றிதழ்தான் வேணும்.

விதியை பிரிண்ட் எடுத்து ஒரு மனுவோட வச்சுக் கொடுத்தேன். நகல் ஏ.ஐ.சி.டி.இ.க்கும் பல்கலைக்கழகத்துக்கும்னு கீழ எழுதி, வாங்கினதுக்குக் கையெழுத்து கேட்டேன். போடலை. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். ரெண்டாம் நாளும் இழுத்தடிச்சாங்க. மூணாம் நாள் மத்தியானம் சித்தப்பா அந்த ஆபீஸ் வாசல்ல துண்டை விரிச்சு உக்காந்துட்டார்.

"ஒங்ககிட்ட வாங்கின படிப்புக்குக் காசு கொடுத்தாச்சுங்க. மிச்சம் வேணாங்கறோம். என் புள்ள மார்க்‌ஷீட்டு என்ன ஒங்க வீட்டு அடமானப் பத்திரமா?"

நாலு மணிக்குக் கொடுத்தாங்க. விதியாலயா, தபாலாலயா, துண்டாலயான்னு எனக்குத் தெரியலை. அடுத்த பஸ்ஸுல கந்தர்வகோட்டை வழியா புதுக்கோட்டை.

முந்தா நாள் போன் பண்ணினா. மெழுகுல மேல் கோரைப்பல் செதுக்கறாளாம், ஏழு தடவை உடைஞ்சு போச்சாம், எட்டாவதை மேடம் வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையாம். "திட்டலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தமாண்ணா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். கியர் பல்லு தெரிஞ்சவன் வேற என்ன சொல்ல?

டிஸ்கி: உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு புள்ள இப்படி போன் பண்ணினா, அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லிடாதீங்க. சீட்டு இருக்கா, எவ்வளவு செலவு, எத்தனை வருஷம்னு கேளுங்க. பதில் வந்தப்புறம் பேசுங்க. எதிர்க்கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம், ஆனா அத்தை பேர்ல அனானியா வந்து கும்மாதீங்க :-)